‘ஆமாங்க’ என்று பதில் வராத கேள்வி

போன வாரம் ஆபீசுக்கு வந்திருந்தேன். வேலை எதுவும் இல்லை. ஓய்வு பெற்றவளுக்கு என்ன வேலை இருக்கப்போகிறது? கோயமுத்தூர் கணபதிப் பக்கம் வந்தால் படியேறி உங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்து, அந்த மோசமான மெஷின் காபியை ஒரு வாய் குடித்து, அதைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போவது என் வழக்கம். அன்றைக்கு, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “மேடம், நான் டாக்டருக்கே படிச்சிருக்கணுமோங்க?”

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். செய்தியைத் திறந்தால் ஐ.டி. கம்பெனிகளில் ஆட்குறைப்பு. மானிட்டரைத் திறந்தால், நீங்கள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிற நிரலை ஏஐ ஒரு மிடறு காபிக்குள் எழுதிவிடுகிறது. வீட்டுக்குப் போனால் மாமன் மகள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு நிற்கும் போட்டோவை அம்மா நீட்டுகிறாள். யாருக்குத்தான் அந்தக் கேள்வி வராது?

ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது நான் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவளுக்கு மட்டும் அல்ல, அதே கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கும் மற்ற கண்ணுகளுக்கும் சேர்த்துத்தான்.

எல்லோரும் போடும் கணக்கை முதலில் போட்டுவிடுவோம். டாக்டருக்குப் படிக்கிறவர்கள் படித்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் கூடப் படித்தவன் சரவணம்பட்டியில் ஃபிளாட் வாங்கிக் கிரகப்பிரவேசம் செய்யும்போதும் அவர்கள் ஏதோ ஒரு நுழைவுத் தேர்வுக்குத்தான் தயாராகிக்கொண்டிருப்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வாய் வைக்கும்போது போன் அடிக்கும். நமக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் வயது ஏற ஏறத் தராசு அந்தப் பக்கம் சாயும். நரைத்த டாக்டரைத் தேடிப் பிடித்து டோக்கன் வாங்குகிறோம். நரைத்த புரோகிராமரைக் கண்டால் எச்.ஆர். காரர்களுக்கு வேறு யோசனை வந்துவிடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்ட எதுவும் இன்றைக்கு உங்களுக்குப் பெயரளவில்கூடத் தெரியாது. கல்லீரலுக்கு அப்படிப் புது வெர்ஷன் வருவதில்லை.

இந்தக் கணக்கு சரியான கணக்குத்தான். ஆனால் யாருக்கும் உதவாத கணக்கு. ஏன் என்று சொல்லத்தான் டாக்டர் தம்பியின் கதைக்கு வருகிறேன்.

நம்முடையது ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் சின்னக் கம்பெனி என்பதால் என் காலம் முழுக்க டாக்டர்களோடுதான் போனது. ஒரு முறை லிஃப்டில் ஒரு அறுவை சிகிச்சை நிபுணரோடு மாட்டிக்கொண்டேன். கரண்ட் போய், நடுவில் நின்றுவிட்டது. பேசுவதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் அவர் சொன்னார்: “உங்க வேலை நல்ல வேலைங்க. தப்புப் பண்ணுனா அழிச்சுட்டு மறுபடியும் ஓட்டிப் பாக்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லீங்க.” நான் சும்மா இருப்பேனா? “உங்க தப்பு ஒரு டேபிளோட நின்னுருமுங்க டாக்டர். எங்க தப்பு ஒரே நொடியில உங்க ஆஸ்பத்திரியில இருக்கற எல்லா கவுண்டருக்கும் போயிருமுங்க” என்றேன். லிஃப்ட் நகர்கிறவரைக்கும் இரண்டு பேரும் ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்துப் பயந்துகொண்டு நின்றோம். அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் ஒரே நாளில், ஒரே கூடத்தில் பார்ப்பேன் என்று அப்போது தெரியாது.

டாக்டர் தம்பி என்று நாங்கள் கூப்பிட்டவன் நிஜமாகவே டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்து, பயிற்சி மருத்துவராகவும் இருந்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு நம்மிடம் வேலைக்கு வந்தவன். டாக்டர்கள் கேட்பதை எங்கள் ஆட்களுக்குப் புரியும்படி சொல்லவும், எங்கள் ஆட்கள் செய்வதை டாக்டர்களுக்குப் புரியும்படி சொல்லவும் ஒருவன் வேண்டியிருந்தது. இன்டர்வியூவில் நான்தான் கேட்டேன்: “இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமுங்களா?” “ஆமாங்க மேடம்.” “டாக்டர் வேலையை விட்டதுல வருத்தம் எதுவும் இல்லீங்களே?” “இல்லீங்க மேடம்.” எடுத்துக்கொண்டோம்.

நல்ல பையன். வாயைத் திறந்தால் பூ உதிரும் வகை. சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே ஆபீசில் எல்லோருக்கும் அவன்தான் டாக்டர். கீழே இருக்கும் லேத் பட்டறைக்காரர்கள்கூட விரலில் இரும்புத் தூள் ஏறினால் மேலே வந்துவிடுவார்கள். சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவான்.

ஏன் விட்டு வந்தான் என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது அவனாகவே சொன்னான். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பையனைக் காப்பாற்ற முடியவில்லை. பெரிய டாக்டர்கள் அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார்கள். வெளியே நிற்கும் அம்மாவிடம் சொல்லும் பொறுப்பு இவன் தலையில் விழுந்தது.

“போய்ச் சொன்னேனுங்க மேடம். அந்தம்மா முழுசாக் கேட்டாங்க. கேட்டுப்போட்டு, ‘சரிங்க சாமி’ன்னாங்க. அவ்வளவுதான். என்னை நாலு சாத்து சாத்தியிருந்தாக்கூடப் பரவால்லீங்க.”

அதற்குப் பிறகு அவனால் அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. யாருக்கும் சாவுச் செய்தி சொல்ல வேண்டாத வேலையாகப் பார்த்து வந்து சேர்ந்தான். இனி இவனை யாரும் அங்கே திருப்பி அனுப்பக்கூடாது என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

அனுப்பச் சொல்லி வந்தவர் அவனுடைய அப்பா. வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருப்பவர். மகனுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தபோது, அவன் படித்து முடித்து வருவதற்குள் கட்டிவிட வேண்டும் என்று காங்கயம் ரோட்டின்மேல் ஒரு கிளினிக் கட்டிவிட்டார். பெயர்ப் பலகைகூட எழுதி மாட்டியாகிவிட்டது. மகன் வரவில்லை என்றதும் பலகையைக் கழற்ற மனசில்லாமல் ஒரு பழைய பெட்ஷீட்டைச் சுற்றிக் கட்டிவைத்தார். செல்போன் கடைக்காரர் வாடகைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. ஊரில் போகிற வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பெட்ஷீட்டைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூருக்கு எண்ணெய் லோடு வரும்போதெல்லாம் ஆபீசுக்கு வருவார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய் இருக்கும். எனக்கு எதிரில் உட்கார்ந்து, சண்டை போட வந்தவர் சண்டையே போடாமல் பேசுவார்.

“ஏனுங்க அம்மணி, உங்க பேச்சை அவன் தட்டமாட்டான். நீங்க ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவெச்சீங்கன்னா போதுமுங்க.”

“சரிங்ணா, பேசறேனுங்க.”

பேசமாட்டேன் என்று எனக்குத் தெரியும். பேசமாட்டேன் என்று அவருக்கும் தெரியும். ஆனால் முருங்கைக்காயோடு வந்து உட்கார்ந்திருக்கும் மனுஷரின் முகத்துக்கு நேராக ‘முடியாதுங்க’ என்று எப்படிச் சொல்வது? அவர் திருப்தியாக எழுந்துபோவார். மகனையும் பார்த்துக் கேட்பார்: “வந்துருவியா கண்ணு?” அவனும், “பாக்கறேனுங்கப்பா” என்பான். முருங்கைக்காய் மட்டும் ஒழுங்காக எங்கள் வீட்டுச் சாம்பாருக்குப் போய்ச் சேரும்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு முதன்முதலாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி கிடைத்தது. அவிநாசி ரோட்டில் இருந்தது. அவர்களுடைய சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு நம் மென்பொருள். அது சரியாக ஓடினால் மற்றப் பிரிவுகளும் நமக்கு. ஓடாவிட்டால், இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கும் தெம்பு கம்பெனிக்கு இல்லை. நம் கம்பெனி எம்.டி. அதை என்னிடம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவர் முகமே சொல்லிக்கொண்டிருந்தது.

ஏற்பாடு இதுதான். நோயாளி டோக்கன் வாங்கியதும் ஒரு நர்ஸ் கையிலிருக்கும் டேப்லெட் திரையைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்பார். அதில் ஒன்று, ‘மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்களா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்து, மாத்திரையும் தினமும் சாப்பிடுகிறார் என்றால், இந்த அளவு போதவில்லை என்றுதானே அர்த்தம்? ‘அளவைக் கூட்டலாம்’ என்று டாக்டரின் திரையில் ஒரு வரி வரும். டாக்டர் சரி என்று அமுக்கினால் மருந்துக் கவுண்டருக்குச் சீட்டு போய்விடும். முன்பு இந்தக் கேள்வியை டாக்டர்கள்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டு நோயாளியின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார்கள். அதில் நேரம் போகிறது என்று அந்த வேலையை நர்ஸுக்கு மாற்றியிருந்தோம். டாக்டர்களும் பொறியாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

முதல் நாள் காலையிலேயே கூடம் நிறைந்துவிட்டது. நானும் டாக்டர் தம்பியும் ஓரமாக ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, உள்ளே வரும் பதிவுகளை மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி அழகாக ஓடிக்கொண்டிருந்தது. தலைமை டாக்டரம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்து, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எம்.டி.க்கு நல்ல செய்தி அனுப்பலாம் என்று போனைக் கையில் எடுத்தேன்.

பக்கத்தில் தம்பி சத்தமில்லாமல் எழுந்து நின்றான். மானிட்டரில் ஒரு பெயர். ஊர் வெள்ளகோவில். நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தான். கடைசி வரிசையில், துண்டால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு அவன் அப்பா உட்கார்ந்திருந்தார்.

மகன் அப்படி என்னதான் வேலை செய்கிறான் என்று ஒரு முறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று மனுஷருக்கு ஆசை. உள்ளே விட வேண்டுமானால் நோயாளியாக இருக்க வேண்டும். அவருக்குத்தான் சர்க்கரை இருக்கிறதே, டோக்கன் வாங்கிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பி சிரிக்கவில்லை. அப்பாவின் பதிவில், ‘மாத்திரை தினமும்: ஆம்’ என்று இருந்தது. கடைசி வரிசைக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

“அப்பா, மாத்தர தெனமும் போடறீங்களா நீங்க?”

“உனக்குத் தெரியாததா கண்ணு? அதைப் போன தையிலயே விட்டுப்போட்டேன்.”

“பொறவு எதுக்குங்கப்பா அந்தப் புள்ளகிட்ட ஆமாங்கன்னீங்க?”

“அது எத்தன மரியாதையாக் கேக்குது. ‘மாத்தர தெனமும் போடறீங்களாங்கய்யா’ன்னு. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொன்னா அந்தப் புள்ளக்கி மனசு என்னமோ மாதிரி ஆயிராதா?”

தம்பி பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவிடம் குனிந்தான். “ஏனுங்கம்மா, கடைசியா மாத்தர எப்பங்க போட்டீங்க?” அந்தம்மா புடவைத் தலைப்பைத் திருகினார். “பேரன் காதுகுத்துக்கு மிந்திங்க.” அவர் பதிவிலும் ‘ஆம்’ என்றே இருந்தது. அதற்கு அடுத்தவர், அவருக்கும் அடுத்தவர் என்று கேட்டுக்கொண்டே போனான். சிலர் நிஜமாகவே சாப்பிடுகிறவர்கள். மற்றவர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லை, இல்லை என்று சொல்லவும் மனசில்லை.

என்ன நடக்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாத்திரையே சாப்பிடாதவருக்கு, ‘சாப்பிட்டும் போதவில்லை’ என்று அளவு கூடுகிறது. டாக்டர் மிரட்டி அனுப்புகிறார். மிரண்டுபோனவர் வீட்டுக்குப் போய், கூட்டிய அளவை ஒழுங்காக விழுங்க ஆரம்பிக்கிறார். சர்க்கரை மளமளவென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். தோட்டங்காட்டிலோ தறிக்கூடத்திலோ தனியாக இருக்கும்போது மயங்கி விழுந்தால் என்ன ஆகும்? லிஃப்டில் நான் வாய்த்துடுக்காகச் சொன்னது கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. ஒரே கேள்வி, எல்லாக் கவுண்டரிலும்.

“மேடம், அந்தப் பரிந்துரையை நிறுத்திருங்க” என்றான் தம்பி.

“இரு கண்ணு. எத்தனை பதிவுல இப்படி இருக்குன்னு முதல்ல பாப்போம். நாலஞ்சு பேரை வெச்சு முடிவு பண்ண முடியாதல்ல?” என்றேன். இது பொறியாளர் புத்தி. தப்பை மறுபடி வரவழைத்துப் பார்க்காமல் நாம் எதையும் தொடமாட்டோம். நமக்கு அது நல்ல பழக்கம்தான்.

“எத்தனைன்னு பொறவு பாக்கலாமுங்க. மருந்து ஒத்துக்கலைன்னு சந்தேகம் வந்தா முதல்ல மருந்தைத்தான் நிறுத்துவோம். காரணம் பொறவுதானுங்க.”

அவன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை. நிறுத்திவிட்டேன்.

எம்.டி.க்குப் போன் செய்தேன். பின்னால் லேத் ஓடும் சத்தத்துக்கு நடுவில், “முதல் நாளே நிறுத்திப்போட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். போனை வைப்பதற்குள் தலைமை டாக்டரம்மா கூடத்துக்கு வந்துவிட்டார். காலையில் என் தோளைத் தட்டியவர் முகத்தில் இப்போது எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முன்னால் வந்தான். “நானுங்க டாக்டர், நிறுத்தச் சொன்னது.”

“நீங்க யாருங்க? டாக்டரா, கம்பெனி ஆளா?”

கூடமே திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் துண்டு மெல்லக் கீழே இறங்கியது. அந்த அப்பா எத்தனை நாளாக இந்தக் கேள்விக்குப் பதில் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

“இப்போதைக்கு ரெண்டும் இல்லீங்க. அங்க கடைசியில உக்காந்திருக்கறாருங்களே, அந்த நோயாளியோட பையனுங்க” என்றான். பிறகு தான் எம்.பி.பி.எஸ். முடித்ததையும் இங்கே நடந்ததையும் ஒரு மூச்சில் சொன்னான்.

அந்த டாக்டரம்மாவை நான் இன்றைக்கும் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். கோபத்தில் வந்தவர், கோபத்தை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் அவரே கேட்டார்: “மாத்திரை தினமும் சாப்பிடறீங்களா ஐயா?” “ஆமாங்க தாயி.” “ஊட்டுல இன்னும் எத்தனை அட்டை மிச்சம் இருக்குதுங்க?” பெரியவர் வெள்ளந்தியாகச் சொன்னார்: “போன தடவ நீங்க குடுத்தது அப்படியே இருக்குதுங்க. ஒன்னும் வீணாப் போகலீங்க.”

டாக்டரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. காலையிலிருந்து பார்த்தவர்களில் மருந்து வாங்காமல் இருந்தவர்களை உட்காரவைத்தார்கள். வாங்கிக்கொண்டு போனவர்களைப் போனில் கூப்பிட்டுத் திரும்ப வரச் சொன்னார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களைச் செக்யூரிட்டி ஓடிப்போய்க் கூட்டிவந்தார். அத்தனை பேரையும் மறுபடி கேட்க டாக்டர்கள் போதவில்லை.

“உங்க மெடிக்கல் கவுன்சில் பதிவு இன்னும் இருக்குதுல்ல? அந்த மேசைல உக்காருங்க. நீங்க கேட்டு எழுதுங்க, நான் கையெழுத்துக்கு முன்னால பாத்துக்கறேன்” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தம்பி மேசைக்குப் போனான். நான் சர்வர் அறைக்குப் போனேன். மதியச் சாப்பாடு யாருக்கும் இல்லை. அவன் அங்கே என்ன செய்தான் என்பதைக் கண்ணாடிக் கதவு வழியாக அவ்வப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, கையைப் பிடித்து, பேரன் காதுகுத்து, தறி, மாடு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் மாத்திரைக்கு வந்துகொண்டிருந்தான். அவசரமே படவில்லை.

இங்கே நான் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நம் ஊர் ஆட்களிடம், ‘ஆமாங்க’ என்று சொல்லித் தப்பிக்க வழியிருக்கும் எந்தக் கேள்வியையும் கேட்கக்கூடாது. ‘சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். ‘கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், வீட்டில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது’ என்று கேட்டால் உண்மை வந்தே ஆக வேண்டும். கட்டங்களை எடுத்தேன். கேள்வியை மாற்றினேன். டாக்டர் தானே ஒரு முறை கேட்டுப் பதிந்தால் ஒழியப் பரிந்துரை வராது என்று பூட்டுப் போட்டேன். சோதித்துப் பார்த்துவிட்டு ஏற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு வழியாகச் சத்தம் வர ஆரம்பித்தது. எல்லாக் கவுண்டரிலும் நர்ஸுகள் ஒரே நேரத்தில் புதுக் கேள்வியைப் படிக்கிறார்கள். “கடைசியா எப்பங்க மாத்தர போட்டீங்க?” பதில்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வருகின்றன. “வெள்ளிக்கெழமைங்க.” “தீந்துபோச்சுங்க.” “காலைல போட்டுட்டுத்தான் பஸ் ஏறுனேனுங்க.” “அதை ஏனுங்க கேக்கறீங்க, அம்மணி!” நான் அந்த ஏ.சி. குளிரில், காலில் செருப்புகூட இல்லாமல், ஆளில்லாத அறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி நம்மை விட்டுப் போகவில்லை. டாக்டரம்மா மற்றப் பிரிவுகளையும் நமக்கே கொடுத்தார். எம்.டி. மட்டும் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி, புது ஆஸ்பத்திரிகளுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் பெருமையாகக் காட்டினார்.

அடுத்த எண்ணெய் லோடுக்குத் தம்பியின் அப்பா வந்தார். முருங்கைக்காய்க் கட்டு வழக்கத்தைவிடப் பெரியது. என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். தம்பியையும் கூப்பிட்டேன். டீ வந்தது. பெரியவர் மகனைப் பார்த்து, “வந்துரு...” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“வேண்டாம். அப்படிக் கேட்டா நீ பாக்கறேனுங்கப்பாம்பே. அம்மணி சரிங்ணாம்பாங்க.” எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். பிறகு யோசித்து யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்: “நீ படிச்சு முடிச்சதுலேருந்து இன்னிக்கு வரைக்கும், நேரம் போனதே தெரியாம வேலை செஞ்சது என்னிக்குக் கண்ணு?”

தம்பி டீயைக் கீழே வைத்தான். எத்தனையோ பேர் அவனிடம் எத்தனையோ கேட்டிருக்கிறோம். டாக்டருக்குப் படிக்கறயா என்று ஒரு காலத்தில் அப்பா கேட்டார். சாவுச் செய்தியைச் சொல்கிறாயா என்று பெரிய டாக்டர்கள் கேட்டார்கள். இந்த வேலை பிடிக்குமா என்று நான் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ‘ஆமாங்க’தான் சொன்னான். இதற்கு அப்படிச் சொல்ல முடியாது.

“அன்னிக்கு மத்தியானங்கப்பா” என்றான். “அந்த மேசைல உக்காந்து ஒருத்தர் ஒருத்தராக் கேட்டேனுங்களே, அப்பங்க. ஒரு பாட்டி எழுந்து போகும்போது சரிங்க சாமின்னாங்க. எனக்கு ஒன்னும் ஆகலீங்கப்பா. அவங்க உசுரோட நடந்து போறாங்களேன்னு பாத்துட்டே இருந்தேனுங்க.”

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு என்னிக்குங்க அம்மணி?”

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. யோசிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“எனக்கும் அதே மத்தியானந்தானுங்ணா.”

“அப்பிடிங்களா! நீங்களும் அங்கதான் இருந்தீங்களா?”

“இல்லீங்க. நான் உள்ள இருந்தேனுங்க. ஒருத்தர் மூஞ்சியையும் பாக்கலீங்க. கேள்விய மாத்திப்போட்டுக் கதவுக்குப் பின்னால நின்னேன். எல்லாக் கவுண்டர்லயும் ஒரே நேரத்துல அது கேட்டுச்சுங்க. அதைக் கேட்டுட்டே சாகற வரைக்கும் அங்க நிக்கலாம்னு இருந்துச்சுங்ணா.”

கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு அது புரிந்திருந்தது.

ஒரே நாள், ஒரே ஆஸ்பத்திரி, நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவனுக்குப் பசி தெரியவில்லை, இந்தப் பக்கம் ஒருத்திக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்கு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது கண்ணுகளா. ஏஐ வந்தாலும் போனாலும், சம்பளம் ஏறினாலும் இறங்கினாலும், உங்களுக்கு அப்படி ஒரு மத்தியானம் வாய்த்ததா, அப்போது எங்கே நின்றிருந்தீர்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். இன்னும் வாய்க்கவில்லை என்றால் அவசரப்பட்டு எங்கும் ஓட வேண்டாம். எனக்கு வெகு காலம் கழித்துத்தான் வாய்த்தது. காபி இடைவேளையில் என்னிடம் கேட்ட பெண்ணுக்கு அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

பெரியவர் எழுந்து முருங்கைக்காயை என் பக்கம் தள்ளிவைத்தார்.

“அப்பச் செரிங்க அம்மணி. நீங்க அந்தக் கதவுக்குப் பின்னாலயே இருந்துக்குங்க. இவனை நான் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க. அந்தப் பெட்ஷீட்டைக் கழட்டோணும்.”

தம்பி என்னைப் பார்த்தான். அவனை விட எனக்கு மனசே இல்லை. பெற்ற பிள்ளையை அனுப்புவது போலத்தான் இருந்தது.

“சரிங்ணா” என்றேன். அவரிடம் எத்தனையோ முறை சொன்ன வார்த்தைதான். மனசாரச் சொன்னது அன்றைக்குத்தான்.